சட்டத்தில் இருக்கிறது, கைக்குத்தான் வரவில்லை

ஓவியம் மறுவிற்பனையானால் ஓவியருக்குப் பங்கு கிடைப்பது ஐரோப்பாவில் மட்டும்தான் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். அப்படியில்லை. பிரான்ஸ் 1920இலேயே கொண்டுவந்துவிட்டது, சரி. ஆனால் நம் பதிப்புரிமைச் சட்டத்திலும் 1994 திருத்தத்தில் 53ஏ பிரிவு சேர்ந்தது. மறுவிற்பனை விலை 10,000 ரூபாயைத் தாண்டினால் ஓவியருக்கோ வாரிசுக்கோ பங்கு உண்டு. அதிகபட்சம் 10 சதவீதம். பதிப்புரிமையை எழுதிக் கொடுத்திருந்தாலும் இது போகாது.

நான் பெங்களூரு அல்சூர்க்காரன். சித்திரச் சந்தையில், குமாரகிருபா சாலை ஓரத்தில், ஓர் ஏரிப் படத்தை 6,000 ரூபாய்க்குக் கொடுத்தேன் (அதிலும் வாங்கியவர் பேரம் பேசி 500 குறைத்தார்). சில வருடம் கழித்து அதே படம் ஒரு கேலரியில் 70,000க்குக் கைமாறியது தெரியவந்தது. போய்க் கேட்டால், "விற்றவர் பெயரைச் சொல்ல முடியாது சார்" என்றார்கள். சிக்கலே அங்கேதான். பங்கு எவ்வளவு என்று முடிவு செய்ய முன்பு பதிப்புரிமை வாரியம் இருந்தது, இப்போது வணிக நீதிமன்றம். 70,000இல் பத்து சதவீதம், ஏழாயிரம் ரூபாய்க்கு எந்த வக்கீலைப் பிடிப்பது? பிரிட்டனில் ஓவியர் சார்பில் வசூல் சங்கமே வாங்கித் தருகிறது. அங்கே விவரம் கேட்டால் கேலரி 90 நாளுக்குள் சொல்லியாக வேண்டும்.

இப்போதெல்லாம் வாங்குபவரின் போன் நம்பரை ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்கிறேன்.