மீதிப் படத்தையும் போட்டிருக்கலாம்

வெள்ளிக்கிழமை ஆபீஸில் நடந்த தலைமைப் பயிற்சி வகுப்பில் ஒரு பழைய போர்ப் படத்தின் கிளிப்பைக் காட்டி, 'கடுமையாக இருப்பதுதான் லீடர்ஷிப்' என்கிற மாதிரி பேசினார்கள். அதைக் குறை சொல்லி நான் இரண்டு வரி போஸ்ட் எழுதியதும், அதன் கீழே கமெண்டில் நடந்த சண்டையும் சிலருக்குத் தெரியும். 'ஒரு கிளிப்புக்கா இவ்வளவு கோபம்?' என்று கேட்டார்கள். ஆமாம், அந்தக் கிளிப்புக்குத்தான்.

'ட்வெல்வ் ஓ'க்ளாக் ஹை' 1949இல் வந்த ஹாலிவுட் படம், இரண்டாம் உலகப் போரில் குண்டு வீசப் பறந்த அமெரிக்க விமானிகளின் கதை. 132 நிமிடம் ஓடும். பயிற்சியாளர் ஐயா காட்டியது பத்துப் பன்னிரண்டு நிமிடம். ஜெனரல் சாவேஜாக வரும் கிரிகரி பெக் விமானிகளை உட்காரவைத்து, செத்துவிட்டதாகவே நினைத்துக்கொள்ளுங்கள், பயம் போய்விடும் என்கிறார். அத்தோடு வீடியோ நின்றது. 'இதுதான் லீடர்ஷிப்!' கைதட்டல். நானும் தட்டினேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

மீதிப் படத்தையும் போட்டிருக்கலாம் ஐயா.

சாவேஜ் முகாமுக்கு வரும் காட்சியையாவது காட்டியிருக்கலாம். வாசலுக்குச் சற்று முன்னால் காரை நிறுத்தி, டிரைவரோடு நின்று ஒரு சிகரெட் பிடிக்கிறார். அதுவரை முன் சீட்டில் வந்தவர் அப்புறம் பின் சீட்டுக்குப் போகிறார். கேட்டில் நிற்கும் காவலாளிக்கு முதல் டோஸ். அந்தக் கடுமை அவர் சுபாவம் இல்லை, வேலைக்காக மாட்டிக்கொண்ட சட்டை. முந்தைய தளபதி டேவன்போர்ட் பையன்கள் மேல் பாசம் வைத்து உடைந்துபோனார் என்றுதான் இவரை அனுப்புகிறார்கள். கடைசியில் இவருக்கும் அதேதான். ஒரு நாள் காலை பி-17 குண்டுவீச்சு விமானத்தின் முன்பகுதிக்கு அடியிலுள்ள திறப்பைப் பிடித்து ஏறப் பார்க்கிறார். கை தூக்க மறுக்கிறது. விமானங்கள் அவரை விட்டுவிட்டுப் பறக்கின்றன. அவை திரும்பி வரும்வரை பேச்சில்லாமல் ஒரு நாற்காலியில் உறைந்து உட்கார்ந்திருக்கிறார். படமே அந்த நாற்காலிதான்!

சரி, 'போர்க்களத்தில் கொஞ்சிக்கொண்டா இருப்பார்கள்?' என்கிறார்கள். இல்லை, ஒத்துக்கொள்கிறேன். அந்தப் போரில் எட்டாவது அமெரிக்க விமானப்படையில் மட்டும் 26,000 பேருக்கு மேல் செத்தார்கள். சேர்ந்து பறக்கும் விமான அணி கலைந்தால் சாவு. அங்கே கண்டிப்புக்குக் காரணம் இருந்தது. நம் ஆபீஸில் எந்த விமானத்தை யார் சுடுகிறார்கள்? எக்செல் ஷீட் ஒரு நாள் தாமதமானால் யார் சாகிறார்கள்?

இன்னொருவர் விவரமாக வந்தார். சாவேஜ் பாத்திரத்துக்கு முன்மாதிரியாக இருந்த நிஜத் தளபதி ஃபிராங்க் ஆம்ஸ்ட்ராங் அப்படி உடையவில்லையாம். இருக்கட்டுமே. கதையை எழுதிய பெர்ன் லே, சை பார்ட்லெட் இருவரும் அதே எட்டாவது விமானப்படையில் இருந்தவர்கள். பார்க்காததையா எழுதினார்கள்? 'அமெரிக்க ராணுவமே இதைப் பயிற்சிக்குக் காட்டுகிறது' என்பவர்களுக்கும் அதே பதில்தான். காட்டட்டும், முழுசாகக் காட்டட்டும்.

வகுப்பில் காட்டிய 'லெப்பர் காலனி' (தொழுநோயாளிகள் குடியிருப்பு) ஸ்லைடுக்கு வருகிறேன். படத்தில் சாவேஜ் தன் கீழுள்ள அதிகாரியான விமானி கேட்லியைக் கோழை என்று திட்டி, உதவாதவர்களையெல்லாம் அவனிடம் தள்ளிவிட்டு, அவன் விமானத்துக்கு அந்தப் பெயரை வைக்கச் சொல்கிறார். நம் ஐயா அதைப் பார்த்து, குறைந்த ரேட்டிங் வாங்கியவர்களை ஒரே டீமில் போடலாம் என்று சிரித்தார். அந்தக் கேட்லிதான் முதுகெலும்பு முறிந்ததை யாரிடமும் சொல்லாமல் பறந்து மருத்துவமனையில் கிடக்கிறான் என்பதை அவர் சொல்லவில்லை. சாவேஜ் அங்கே போய் என்ன பேசுவதென்று தெரியாமல் தடுமாறுவதையும் சொல்லவில்லை. மீதிப் படத்தைப் போட்டிருக்கலாம்!

எனக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்றால், நானும் டீம் லீடாக இருந்தவன். பழைய கம்பெனியில் ஒன்பது பேரை ராத்திரி பகலாக விரட்டினேன். மேலே இருந்தவர்கள் முதுகில் தட்டினார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை பைக்கை நிறுத்திவிட்டு மாடிப்படியின் முதல் படியில் கால் வைக்கிறேன், அடுத்த கால் வரவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றாமல் பார்க்கிங்கிலேயே ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். செக்யூரிட்டி அண்ணன்தான் தண்ணீர் கொடுத்தார். அந்த வருடம் எனக்கு 'சிறந்த தலைவர்' கேடயம் கொடுத்தார்கள். இன்னும் பரண் மேல் கிடக்கிறது.

'ஓவர் சென்சிடிவ்' என்று எழுதிய நண்பனுக்கு மட்டும் ஒரு வார்த்தை. அன்றைக்கு மேனேஜரிடம் எனக்குக் காய்ச்சல் என்று பொய் சொல்லி என்னை வீட்டில் கொண்டுபோய் விட்டவன் நீதானே டா. வழி முழுக்க நான் ஒரு வார்த்தை பேசவில்லை, நீயும் எதுவும் கேட்கவில்லை. மற்றவர்கள் எழுதியிருந்தால் எனக்கு ஒன்றுமே இல்லை.