வாரம் நான்கு கேலன்

எடிசனில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து கேஸ் ஸ்டேஷனில் ஒரு பஞ்சாபிப் பெரியவர் இருக்கிறார். நியூ ஜெர்சியில் நாமே இறங்கிப் பெட்ரோல் போட்டுக்கொள்ள முடியாது, சட்டம் அப்படி. ஆள் வந்துதான் போட வேண்டும். பத்து வருஷமாகச் சனிக்கிழமை காலையில் இவரிடம்தான் டேங்கை நிரப்புகிறேன். போன வருஷம் புது வண்டியோடு அவரிடம் போனபோது, வழக்கம்போல நாஸிலைச் செருகிவிட்டு அடுத்த வண்டிக்கு நகர்ந்தார். இரண்டடி வைப்பதற்குள் 'டக்'. மீட்டரில் 4.7 கேலன் (ஒரு கேலன் சுமார் 3.8 லிட்டர்). நாஸில்தான் தகராறு செய்கிறது என்று நினைத்துத் திரும்பி வந்து அழுத்தினார். மறுபடி 'டக்'. இன்னொரு தடவை அழுத்தினார், அதற்கும் 'டக்'. குனிந்து ஜன்னல் வழியாகப் பார்த்து, "இந்த வாரம் எங்கேயும் போகலையா?" என்று இந்தியில் கேட்டார். பழைய வண்டிக்கு வாரம் ஒன்பது கேலன் ஊற்றிப் பழகிய கை அது.

வண்டி வாங்கிய நாளிலிருந்து அது எப்படி என்று வாட்ஸ்அப்பில் ஆளாளுக்குக் கேட்கிறீர்கள். ஒரு வருஷம் ஓட்டிவிட்டு எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன். ஓட்டியாயிற்று, கிட்டத்தட்ட 12,000 மைல்.

முதலில், எதிலிருந்து எதற்கு மாறினேன் என்பது. 2012 டொயோட்டா கேம்ரியிலிருந்து 2025 கேம்ரிக்கு. இரண்டுமே எல்.இ. ட்ரிம். ட்ரிம் என்றால் ஒரே மாடலில் வசதிக்கேற்ற படிநிலை. புது கேம்ரியில் எல்.இ.தான் இருப்பதிலேயே அடிமட்டம். "இத்தனை வருஷம் சம்பாதிச்சு மறுபடியும் கேம்ரியா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். அவர் மட்டும் இல்லை, எங்கள் தெருவில் யார் வீட்டு வாசலைப் பார்த்தாலும் எஸ்.யூ.வி. அல்லது மின்சார வண்டிதான். செடான் என்பதே இங்கே அருகிவரும் இனம். ஃபோர்டு 2020இல் ஃபியூஷனை நிறுத்தியது. ஷெவர்லே 2024 கடைசியில் மாலிபுவை நிறுத்தியது. சுபாருவின் லெகசியும் 2025 மாடலோடு விடைபெற்றுவிட்டது. குடும்பத்தோடு போக நான்கு கதவும் டிக்கியும் உள்ள வண்டி வேண்டும் என்றால் தேர்வு கை விரல்களுக்குள் அடங்கிவிடும்.

2025 மாடலுக்காகக் கேம்ரியைப் புதிதாக வடிவமைத்தபோது டொயோட்டா செய்த பெரிய காரியம், சாதாரண பெட்ரோல் இன்ஜினையும் ஆறு சிலிண்டர் வி6ஐயும் தூக்கிவிட்டு, பெட்ரோல் இன்ஜினோடு மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைப்ரிட் மட்டும்தான் என்று ஆக்கியது. அவர்களுடைய மினிவேன் சியன்னாவில் 2021 மாடலிலேயே இதைச் செய்துவிட்டார்கள். அதனால் "ஹைப்ரிடுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு எத்தனை வருஷத்தில் திரும்பும்?" என்ற அந்தப் பழைய பட்டிமன்றம் இந்த வண்டியைப் பொறுத்தவரை முடிந்துவிட்டது. ஒப்பிட்டுப் பார்க்க ஹைப்ரிட் இல்லாத கேம்ரி ஒன்று இருந்தால்தானே?

சரி, கணக்குக்கு வருகிறேன். நிறையப் பேர் கேட்டது இதைத்தான்.

பழைய வண்டிக்கு அரசாங்க ஸ்டிக்கரில் கேலனுக்கு 28 மைல் போட்டிருந்தார்கள். எனக்குக் கிடைத்தது 26. புது எல்.இ.யின் ஸ்டிக்கரில் 51. எனக்கு வருஷ சராசரி 48. அந்தக் கணக்குப்படி 12,000 மைலுக்கு முன்பு 460 கேலன் ஆகியிருக்கும், இப்போது 250. மிச்சம் 210, அதாவது வாரம் நான்கு கேலன். மூன்று டாலர் சொச்சம் என்று வைத்தால் வருஷத்துக்கு 650 டாலர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பழைய வண்டிக்கு இன்சூரன்ஸில் லயபிலிட்டி, அதாவது அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கு மட்டும்தான் வைத்திருந்தேன். புது வண்டி, அதுவும் லோனில் எடுத்தது என்றால், ஃபுல் கவரேஜ் இல்லாமல் விடமாட்டார்கள். அதில் மாதம் எழுபது டாலர் ஏறியது. வருஷத்துக்கு 840. ஆக, பெட்ரோலில் மிச்சம் பிடித்ததை முழுசாகக் கொடுத்து, கையிலிருந்து 190 டாலர் சேர்த்தும் கொடுத்திருக்கிறேன். வண்டியின் தவணையை இன்னும் நான் சேர்க்கவே இல்லை.

அதனால் என் கருத்தை வெளிப்படையாகவே சொல்கிறேன். உங்கள் பழைய வண்டி ஒழுங்காக ஓடுகிறது என்றால், மைலேஜைக் காரணம் காட்டிப் புது வண்டி வாங்காதீர்கள். எக்செல் ஷீட்டைத் திறந்து "அஞ்சு வருஷத்துல போட்ட காசு வந்துடும்" என்று மனைவியிடம் காட்டும் வேலை எல்லாம் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. நானும் காட்டினேன், அதனால்தான் சொல்கிறேன். என் வண்டி 1,86,000 மைல் ஓடி, அடியில் துருப் பிடித்து, எப்படியும் மாற்றியே ஆக வேண்டிய நிலையில் இருந்தது. அப்படி மாற்றுகிறவர்கள் ஹைப்ரிட் எடுப்பதில் இரண்டாவது யோசனையே வேண்டாம்.

காசு மிச்சம் இல்லை என்றால் வேறு என்ன லாபம்? சத்தம் இல்லாமை. சாவி திருகிச் செல்ஃப் எடுக்கும் அந்தக் 'கர்கர்' இதில் கிடையாது. பட்டனை அழுத்தினால் 'ரெடி' என்று ஒரு வார்த்தை வரும், அவ்வளவுதான். உள்ளே தனியாக ஸ்டார்ட்டர் மோட்டாரே இல்லை, ஆல்டர்னேட்டரும் இல்லை. இரண்டு மின்மோட்டார்களும் 2.5 லிட்டர் இன்ஜினும் ஒரே பல்சக்கரக் கூட்டில் கோத்திருக்கின்றன. அதில் ஒரு மோட்டாரே தேவைப்படும்போது இன்ஜினைச் சுற்றி எழுப்பிவிடுகிறது. கியர் மாறும் உதறலும் கிடையாது, மாறுவதற்கு வழக்கமான கியரே இல்லாததால். ரூட் 27இல் சாயங்காலம் ஆறு மணிக்கு சிக்னலுக்குச் சிக்னல் நின்று நின்று வருகிறவர்களுக்கு இதன் அருமை புரியும். நிற்கும்போது இன்ஜின் அணைந்திருக்கும். ஏ.சி. கம்ப்ரஸர் மின்சாரத்தில் ஓடுவதால் குளிர்ச்சி குறையாது. பிரேக்கை மிதித்தால் வண்டியின் வேகம் கரண்டாக மாறிப் பேட்டரிக்குப் போய்விடும். முன்பு அந்த டிராஃபிக்கில் வீடு வந்து சேரும்போது தோள்பட்டை இறுகிப்போய் இருக்கும். இப்போது அவ்வளவு இல்லை. எனக்கு வயசாகி நிதானம் வந்துவிட்டதா, வண்டியாலா என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியவில்லை.

"எங்கே சார்ஜ் போடுவீங்க?" என்று இன்னமும் கேட்கிறார்கள். எங்கேயும் போட வேண்டாம். இது பிளக் செருகும் வகை இல்லை. முழு மின்சார வண்டியும் இல்லை என்பதால் நியூ ஜெர்சியில் மின்சார வண்டிக்குக் கொடுத்த விற்பனை வரிச் சலுகையும் இதற்குக் கிடைக்கவில்லை. 6.625 சதவீதத்தை அப்படியே கட்டினேன்.

வாகன பூஜைக்குப் பிரிட்ஜ்வாட்டர் பெருமாள் கோயிலுக்குப் போனோம். அர்ச்சகர் குங்குமம் வைத்து, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, "வண்டிய ஸ்டார்ட் பண்ணுங்கோ" என்றார். "ஆன்லதான் இருக்கு சாமி" என்றேன். காதைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்துவிட்டு, "இல்லையே, ஸ்டார்ட் பண்ணுங்கோ" என்றார். நான் பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் 'ம்ம்ம்' என்று தூரத்தில் தம்புரா மீட்டுவதுபோல ஒரு ரீங்காரத்தோடு வண்டி நகர்ந்து பழத்தை நசுக்கியது. அவர் ஒரு எட்டு பின்னால் போனார். அந்த ரீங்காரம் வேண்டுமென்றே வைத்தது. மெதுவாகப் போகும்போது பார்வையற்றவர்களுக்கும் நடந்து போகிறவர்களுக்கும் வண்டி வருவது தெரிய வேண்டும் என்று இங்கே ஹைப்ரிடுக்கும் மின்சார வண்டிக்கும் சட்டமே இருக்கிறது. என் மகள் அதற்கு 'சுருதிப் பெட்டி' என்று பெயர் வைத்துவிட்டாள்.

ஓட்டுவதற்கு எப்படி என்றால், பழையது 178 குதிரைத்திறன், இது 225. ரூட் 22இல் இரு திசைச் சாலைக்கும் நடுவே உள்ள மீடியனிலேயே கடைகள் இருக்கும். அங்கிருந்து இடது லேனில் பறக்கும் கூட்டத்துக்குள் நுழைவது ஒரு சாகசம். பழைய வண்டியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நுழைவேன். இதில் மோட்டார் கொடுக்கும் உந்துதல் உடனே வருவதால் பயம் விட்டது. ஆனால் அழுத்தி மிதித்தால் இன்ஜின் ஒரே சுருதியில் கத்தும். சத்தம் முன்னால் ஓடும், வேகம் பின்னால் வரும். அது பிடிக்காதவர்கள் இருக்கிறார்கள். எனக்குப் பழகிவிட்டது.

பழகாதது எச்சரிக்கை மணிகள். லேன் கோட்டை லேசாகத் தொட்டால் ஸ்டீயரிங் திருத்தும். பின்கதவைத் திறந்து பை வைத்திருந்தால் இறங்கும்போது "பின்னால் பார்" என்று நினைவூட்டும். வளைவுக்கு முன்னால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டி தானாகவே மெல்ல பிரேக் பிடிக்கும். முதல் வாரம் எனக்கு உயிரே போய்விட்டது, பிரேக் ஒட்டிக்கொண்டதோ என்று. அப்புறம் மேனுவலைப் பார்த்தால் அப்படி ஒரு வசதியாம். செட்டிங்கில் அணைத்துவைக்கலாம். மனைவி ஓட்டும் நாளில் அணைப்பாள், மறுநாள் நான் போடுவேன். "வண்டி நல்ல வண்டிதான், ஆனா பக்கத்துல வாத்தியார உக்கார வெச்சிட்டுப் போற மாதிரி இருக்கு" என்பது அவளுடைய விமர்சனம்.

பெரிய திரைக்காக மேல் ட்ரிம் எடுக்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்கு ஒரு தகவல். எல்.இ.க்கு 16 அங்குலச் சின்ன சக்கரம், அதனால்தான் அந்த 51. மற்ற ட்ரிம்களில் சக்கரம் பெரிதாகி 47 பக்கம் வந்துவிடுகிறது. எட்டு அங்குலத் திரை எனக்குப் போதும். சத்தத்தைக் கூட்டக் குறைக்கத் திருகும் குமிழும், ஏ.சி.க்குத் தனிப் பட்டன்களும் இருக்கின்றன. இந்தக் காலத்தில் அதுவே பெரிய விஷயம். ஆனால் சூடாகும் சீட் இல்லாமல் எடுத்தது என் கஞ்சத்தனம். ஜனவரியில் ஒவ்வொரு காலையும் அதற்காக என்னைத் திட்டிக்கொண்டேன். குளிர்காலத்தில் இன்னொன்று, வண்டிக்குள் சூடு வேண்டும் என்பதற்காகவே இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும். அந்த இரண்டு மாதமும் மைலேஜ் 42, 43க்கு இறங்கிவிட்டது. டர்ன்பைக் நெடுஞ்சாலையில் 75 மைல் வேகத்தில் போனாலும் கிட்டத்தட்ட அதே கதைதான். ஊருக்குள் நின்று நின்று போகிறவனுக்குத்தான் ஹைப்ரிட் அள்ளிக் கொடுக்கும்.

கோடையில் அப்பா கும்பகோணத்திலிருந்து வந்திருந்தார். ஏர்போர்ட்டிலிருந்து வரும் வழியிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"லிட்டருக்கு எவ்வளவுடா குடுக்குது?"

மனசுக்குள் கணக்குப் போட்டு, "இருபது குடுக்கும்ப்பா" என்றேன்.

"நம்ம டிசையரே இருபது குடுக்குமேடா. இதுக்கா முப்பதாயிரம் டாலர்?"

இது ஒன்றரை டன்னுக்கு மேல் எடையுள்ள பெரிய வண்டி என்று விளக்கினேன். அவருக்கு அதில் சுவாரசியம் இல்லை. ஆனால் இதே வண்டி நம் ஊரில் 2024 டிசம்பரில் 48 லட்சத்துக்கு அறிமுகமானது என்று சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அன்று இரவு போனில் சித்தப்பாவிடம், "தம்பி அரைக் கோடி ரூபா வண்டி வெச்சிருக்கான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் திருத்தவில்லை. இங்கே டாக்ஸி ஓட்டுகிறவர்கள் விரும்பி வாங்கும் வண்டி இது என்பதையும் சொல்லவில்லை.

எஸ்.யூ.வி. கட்சிக்காரர்களிடம் நான் தோற்றுப்போனதும் அப்பாவால்தான். அவருக்கு முழங்கால் வலி. உட்காரும்போது விழுவதுபோல உட்கார்ந்துவிடுவார், எழுந்திருக்கத்தான் என் கை வேண்டும். செடானின் தாழ்ந்த சீட்டும் சரிந்த கூரையும் எழுபது வயதைத் தாண்டியவர்களுக்கு ஏற்றதில்லை. வருஷத்தில் ஆறு மாதம் பெற்றோர் உங்களோடு இருப்பார்கள் என்றால் இதைத் தவிர்த்துவிடுங்கள். உயரமான வண்டிதான் வேண்டும் என்றால் 2026 மாடலிலிருந்து டொயோட்டாவின் எஸ்.யூ.வி.யான ராவ்4ம் ஹைப்ரிட் மட்டும்தான்.

பேட்டரி போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம் எனக்கும் இருந்தது. டொயோட்டாவின் முதல் ஹைப்ரிட்டான பிரியஸ் ஜப்பானில் வந்தது 1997இல். கேம்ரி ஹைப்ரிட் இங்கே 2007 மாடலிலிருந்து ஓடுகிறது. நியூ யார்க் மஞ்சள் டாக்ஸிகளில் எத்தனையோ கேம்ரி ஹைப்ரிட் இரவு பகலாக ஓடித் தேய்ந்திருக்கின்றன. பேட்டரிக்குப் பத்து வருஷம் அல்லது 1,50,000 மைல் வாரண்டி இருக்கிறது. அதற்கு மேல் கவலைப்பட எனக்குத் தெம்பு இல்லை.

டீலர் விஷயத்தில் மட்டும் உஷாராக இருங்கள். பெயர் வேண்டாம், ஓர் இடத்தில் விலைக்கு மேல் 'மார்க்கெட் அட்ஜஸ்ட்மென்ட்' என்று 2,000 டாலர், டயரில் நைட்ரஜன் நிரப்பியதற்கு 299 டாலர் என்று ஒரு காகிதத்தை நீட்டினார்கள். நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான், மிச்ச 22க்குத்தான் 299ஆ என்று கேட்டேன். விற்பனையாளர் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து பத்து டீலர்களுக்கு ஈமெயில் போட்டேன். பென்சில்வேனியாவில் ஒருவர் கம்பெனி போட்ட ஸ்டிக்கர் விலைக்கே கொடுத்தார்.

சந்தேகம் இருப்பவர்கள் இன்பாக்ஸில் கேளுங்கள். ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பவர்கள் வீட்டுக்கே வரலாம், சாவி தருகிறேன். சனிக்கிழமை காலை மட்டும் வேண்டாம். வண்டியும் நானும் கேஸ் ஸ்டேஷனில் இருப்போம். நாஸில் நின்றதும் அவர் இன்னமும் ஒரு தடவை அழுத்திப் பார்க்கத்தான் செய்கிறார்.