இரண்டு விரலால் விரிக்க விடுங்கள்

நேற்று சாயந்தரம் பெரியம்மா சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து போனோடு வீட்டுக்கு வந்தார். நாற்பது வருடம் கொலுசுப் பட்டறையில் பற்றவைத்தவர். ஏதோ உதவித்தொகை விண்ணப்பம். "கண்ணு, இதுல என்ன போட்ருக்குன்னு பாரு, எறும்பு ஊர்ற மாதிரி இருக்குது" என்றார்.

வெள்ளைத் திரையில் வெளிறிய சாம்பல் எழுத்து. எல்லாரும் செய்வதைத்தான் அவரும் செய்தார், இரண்டு விரலை வைத்து விரித்தார். பக்கம் அசையவே இல்லை.

இணையப் பக்கம் செய்வதுதான் எனக்கும் பிழைப்பு என்பதால் காரணம் தெரியும். பக்கத்தின் தலைப்பகுதியில் 'மேக்சிமம் ஸ்கேல் 1' என்று ஒரு வரி எழுதி, பெரிதாக்குவதையே பூட்டி வைத்திருக்கிறார்கள். கேட்டால் வடிவமைப்பு கலைந்துவிடும் என்பார்கள். ஐபோனின் சஃபாரி 2016-லேயே இந்தப் பூட்டை மதிப்பதை விட்டுவிட்டது. ஆண்ட்ராய்டு குரோமில் அமைப்புகளுக்குள் போய் ஒரு டிக் போட்டால் விரியும். போட்டுக் கொடுத்தேன். வீட்டில் போட்டுக் கொடுக்க ஆள் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்?

எழுத்து பெரிதானதும் அடுத்த சிக்கல். 'ஆம்', 'இல்லை' இரண்டும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. நெருப்பில் காய்த்துப்போன விரல் நுனி அவருக்கு. திரை சில நேரம் தொடுதலை உணர்வதே இல்லை, உணர்ந்தால் பக்கத்துப் பொத்தான் அமுங்கிவிடுகிறது. மூன்று முறை தப்பு. பொத்தான் குறைந்தது 24 பிக்சல் இருக்கட்டும், இல்லாவிட்டால் சுற்றிலும் இடம் விடுங்கள் என்று 2023-ல் வந்த டபிள்யூசிஏஜி 2.2 சொல்கிறது. இணையப் பக்கத்தை எல்லாரும் பயன்படுத்த முடிய வேண்டும் என்பதற்கான உலக வழிகாட்டு நெறிகள் அவை. என்னைக் கேட்டால் 44 வையுங்கள். 320 பிக்சல் அகலத்திலும் பக்கவாட்டில் இழுக்காமல் படிக்க முடிய வேண்டும் என்று 2018-ல் வந்த 2.1 பதிப்பிலேயே இருக்கிறது.

அப்புறம் ஓடிபி. ஆறு எண்தான், ஆனால் எழுத்து விசைப்பலகை திறக்கிறது. குறுஞ்செய்தியைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் நிரப்பியதெல்லாம் காலி. டவுனில் உட்கார்ந்திருந்த எங்களுக்கே இப்படி. ஏற்காட்டில் சிக்னல் வந்து வந்து போகிற தோட்டத்து வீட்டில் இருப்பவர் இதற்காக இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வரவேண்டுமா? நிரப்பியதைப் போனிலேயே சேமித்து வைப்பது பெரிய வித்தை இல்லை, செய்யத்தான் ஆள் இல்லை.

டிஜிட்டல் சேவையை அணுகுவது வாழ்வுரிமை தரும் அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவில் வரும் உரிமை என்று உச்ச நீதிமன்றமே 2025 ஏப்ரலில் சொல்லிவிட்டது. நாம் இன்னும் அலுவலகத்துப் பெரிய திரையில் பார்த்துவிட்டு 'நன்றாக வந்திருக்கிறது' என்கிறோம்.

இந்தத் தொழிலில் இருக்கிற தம்பி தங்கச்சிகளிடம் கேட்கிறேன். ஒரு விலை குறைந்த போனை எடுங்கள். எழுத்தளவைக் கடைசி வரை ஏற்றுங்கள். வெயிலில் நின்று நீங்கள் செய்த படிவத்தை ஒற்றைக் கட்டைவிரலால் நிரப்பிப் பாருங்கள். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் டாக்பேக்கைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை. நான் செய்த பக்கங்களைத் திங்கட்கிழமை பெரியம்மாவின் போனில் திறக்கப் போகிறேன். அவரும் கூட உட்காருவதாகச் சொல்லியிருக்கிறார்.