பாதி அடுக்கு மட்டும் போதாது

தம்பி, "31 உறுப்புள்ள களத்தில் பூச்சியமல்லாத ஓர் எண்ணின் 15ஆம் அடுக்கு 1 வராவிட்டால் அது பிறப்பாக்கி" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். இது தவறு. (இந்தக் களத்தில் 0 முதல் 30 வரையான எண்களைக் கூட்டி, பெருக்கி, 31ஆல் வகுத்த மீதியை மட்டும் எடுக்கிறோம். ஓர் எண்ணின் அடுக்குகளாகவே 1 முதல் 30 வரை எல்லா எண்களும் வந்தால் அது பிறப்பாக்கி.) கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வுக்குப் படிக்கும் நம்ம மதுரைப் பிள்ளைகள் அப்படியே குறித்துக்கொள்வார்கள், அதனால் போட்டே காட்டுகிறேன்.

29ஐ எடுங்கள். 31ஐக் கழித்து -2 என்று வைத்தால் கணக்கு சுலபம். 2இன் 5ஆம் அடுக்கு 32, அதாவது 1. ஆகவே 2இன் 15ஆம் அடுக்கும் 1. குறியைச் சேர்த்தால் -1. உங்கள் சோதனையில் 29 தேறிவிட்டது. ஆனால் அதன் 10ஆம் அடுக்கிலேயே 1 வந்துவிடுகிறது! அதன் வரிசை, அதாவது முதன்முதலில் 1 வரும் அடுக்கு, 10தான்; பிறப்பாக்கிக்கு வேண்டிய 30 இல்லை. கோயிலுக்குள் இருக்கும் சின்ன ஆடி வீதியைச் சுற்றிவிட்டு, வெளியே இருக்கும் பெரிய மாசி வீதியையும் சுற்றியாச்சு என்பது போல.

பூச்சியமல்லாத எண்கள் மொத்தம் 30; அது 2×3×5. 30ஐ மூன்று பகாக் காரணிகளாலும் தனித்தனியே வகுத்து 15, 10, 6 ஆகிய எல்லா அடுக்கையும் பார்க்க வேண்டும். 3க்கு முறையே 30, 25, 16 வரும். எதுவும் 1 இல்லை, அதனால் 3 பிறப்பாக்கி. உங்கள் சோதனையில் தேறுபவை 15 எண்கள், அசல் பிறப்பாக்கிகள் 8தான்.

17, 257 போன்ற பகா எண்களில் மட்டும் பாதி அடுக்கைப் பார்க்கும் உங்கள் விதி சரி; ஒன்று குறைத்தால் வரும் 16, 256க்கு 2 தவிர வேறு பகாக் காரணி கிடையாது.