அந்த அக்கா கேட்டதில் என்ன தப்பு?

ஒரு கூட்டத்தில் நடந்தது இது, சிலர் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். "படகு ஜெட்டித் தூணுல புதுசா என்னமோ ஒட்டி வளருதே, அதை யாரு சார் பாக்குறது?" என்று பாம்பன் அக்கா ஒருவர் கேட்டார். "அதெல்லாம் படிச்சவங்க பாத்துக்குவாங்கம்மா, நீங்க உக்காருங்க" என்றார்கள் கூட்டம் நடத்தியவர்கள். கூட்டமும் சிரித்தது. அந்தச் சிரிப்புதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வெளியூர்க் கடல் உயிர்கள் நம் கடலில் வந்து ஒட்டிப் பரவுவதை யார் பார்க்கிறார்கள்? அவர் கேட்டது அவ்வளவுதான். இன்றுவரை பதில் இல்லை.

எங்க அம்மா முப்பது வருஷம் மன்னார் வளைகுடாத் தீவுப் பக்கம் முங்கி மரிக்கொழுந்துப் பாசி எடுத்தவர். 2006 வாக்கில் ஒருநாள் தடித்த, வழவழப்பான ஒரு கொத்தைக் கொண்டுவந்து, "இது நம்ம கடல் பாசி இல்லப்பா, பவளத்து மேலேயே போர்வை மாதிரி கெடக்கு" என்றார். நான் அதை ஈரத்துணியில் சுற்றி ஒரு அலுவலகத்துக்கு எடுத்துப் போனேன். மேசையில் வைக்கக்கூட விடவில்லை. 2008-இல் மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குருசடைத் தீவுப் பவளங்களின் மேல் கப்பாபைகஸ் என்ற பாசி படர்ந்திருப்பதை எழுதினார்கள். நாம் பெப்சி பாசி என்கிறோமே, அதேதான். தென்கிழக்காசியக் கடலின் பாசி, வளர்ப்புக்காக மண்டபத்துக்கு வந்தது. ஒடிந்த சின்னத் துண்டும் தனியாக வளரும். படர்ந்த பிறகு கையால் பிடுங்கினார்கள், மறுபடி முளைத்தது, மறுபடி பிடுங்கினார்கள். அம்மா சொன்ன அன்றைக்கே யாராவது போய்ப் பார்த்திருந்தால்?

உடனே ஒருவர் வருவார், "பாசி வளர்க்கிற பொம்பளைங்க பிழைப்பைக் கெடுக்கிறியா?" என்று. என் மதினியே பாக் நீரிணையில் மூங்கில் மிதவை போட்டிருக்கிறார். நாற்பத்தைந்து நாளுக்கு ஒரு அறுப்பு. அண்ணன் மகன் காலேஜ் ஃபீஸ் அதில்தான் கட்டினோம். வளர்க்காதே என்று நான் சொல்வேனா? வாடைக்காற்றில் மிதவை உடைந்தால் துண்டுகள் எங்கே போகின்றன என்று பாருங்கள் என்கிறேன். பார்ப்பது யார் பிழைப்பைக் கெடுக்கும்?

இழுவைமடி (கடலடியை வாரி இழுக்கும் வலை) செய்யாத நாசமா என்று கேட்பவர்களுக்கு: ஆமாம், செய்கிறது. அதற்காக இதை விட்டுவிட முடியாது.

துறைமுகத்தில்தான் முதலில் பார்க்க வேண்டும். வெளியூர்க் கடல் உயிர் கப்பல் சாயாமல் இருக்க ஏற்றும் சமநிலைத் தண்ணீரிலும் வரும், அடிப்பாகத்தில் கொட்டலசு மாதிரி ஒட்டிக்கொண்டும் வரும். அந்தத் தண்ணீருக்கு 2017 முதல் சர்வதேச ஒப்பந்தம் நடப்பில் இருக்கிறது. விசைப்படகின் அடியில் ஒட்டி வருவதை அந்த ஒப்பந்தம் தொடாது. கேரளத்தில் அஷ்டமுடி, வேம்பநாட்டுக் காயல்களில் மத்திய, தென் அமெரிக்கக் கரையின் மட்டி ஒன்று பெருகி, அங்கிருந்த மட்டிகளின் இடத்தைப் பிடித்திருக்கிறது. நம் படகுகள் அந்தக் கரைக்குப் போவதில்லையா, அங்கிருந்து இங்கே வருவதில்லையா? இத்தனைக்கும் கண்காணிக்கப் பெரிய செலவு கிடையாது. பிளாஸ்டிக் தகடுகளைக் கயிற்றில் கட்டி ஜெட்டியில் தொங்கவிட்டு, மாதம் ஒருமுறை தூக்கி என்ன ஒட்டியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். பல நாட்டுத் துறைமுகங்களில் இதைச் செய்கிறார்கள். ராமேசுவரத்திலும் பாம்பனிலும் மண்டபத்திலும் வருஷம் முழுக்கச் செய்ய ஆள் வேண்டும். ஒருதரம் வந்து போட்டோ எடுத்துப் போவது கண்காணிப்பு ஆகாது.

"படிக்காதவங்க எப்படி இனம் கண்டுபிடிப்பாங்க?" என்று நேற்று ஒரு தம்பி எழுதியிருந்தார். கஞ்சிப்பாசி, கட்டைக்கோரை, மரிக்கொழுந்து என்று தண்ணீருக்கடியில் கைபட்டதுமே பிரித்துச் சொல்கிறவர்கள் பாசி எடுக்கும் பெண்கள். லத்தீன் பெயரை ஆய்வாளர்கள் வைக்கட்டும். புதுசு வந்திருக்கிறது என்று முதலில் சொல்லப்போவது தினம் முங்குகிறவர்கள்தான். 1986-இல் 21 தீவுகளும் தேசியப் பூங்கா ஆனதிலிருந்து இந்தப் பெண்களைத் தீவுப் பக்கம் வராதே என்றுதான் சொல்கிறார்கள். அம்மாவின் பாசிப் பையைப் பிடுங்கிக் கடலில் கொட்டிய நாளை நான் மறக்கவில்லை. கரையேறி வந்து ஒரு வார்த்தை பேசாமல் அடுப்பைப் பற்றவைத்தார். அவர்களை விரட்டிவிட்டீர்கள், சரி. அவர்கள் கண்ணுக்குப் பதிலாக அங்கே எந்தக் கண்ணை வைத்தீர்கள்?

இன்று காலை அந்த அக்கா போன் பண்ணினார். "தம்பி, நான் தப்பாக் கேட்டுட்டேனா?" எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. தப்பில்லைக்கா என்றேன். தூணில் சுரண்டியதை ஒரு பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறாராம். நாளைக்குப் போய் வாங்கிக்கொள்கிறேன்.