சாக்ரடீஸ் அப்படிச் சொல்லவில்லை

“எனக்கு ஒன்றுமே தெரியாது என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும்” என்ற வரி சாக்ரடீஸின் பொன்மொழியாகப் பரவி வருகிறது. சாக்ரடீஸ் நூல் எதையும் எழுதவில்லை. அவருடைய மாணவர் பிளேட்டோவின் நூல்களிலும் இவ்வரி இவ்வடிவில் இல்லை.

கி.மு. 399இல் ஏதென்ஸ் நீதிமன்றத்தில் அவர் பேசியதாகப் பிளேட்டோ எழுதியிருப்பது வேறு. சாக்ரடீஸைவிட ஞானமுள்ளவர் யாருமில்லை என்று கிரேக்கத்தின் டெல்ஃபி கோயிலில் சொல்லப்பட்ட தெய்வ வாக்கைக் கேட்டுத் திகைத்த அவர், அதைச் சோதித்துப் பார்க்க, ஞானி எனப் பெயரெடுத்த ஓர் அரசியல்வாதியிடம் சென்று உரையாடுகிறார். ‘அவர் தெரியாததைத் தெரிந்ததாக எண்ணுகிறார், நான் அப்படி எண்ணுவதில்லை, இந்தச் சிறு அளவில் நான் மேல்’ என்ற முடிவோடு திரும்புகிறார். பிறகு கவிஞர்களிடம் போகிறார். கைவினைஞர்களிடம் போனபோதோ, தாம் அறியாத பலவற்றை அவர்கள் உண்மையிலேயே அறிந்திருந்தார்கள் என்று மனமார ஒப்புக்கொள்கிறார்.

இவை எல்லாவற்றையும் விட முக்கியமானது, அநீதி இழைப்பது தீமை என்பது தமக்குத் தெரியும் என்று அதே உரையில் அவர் உறுதிபடச் சொல்வதாகும். ஒன்றுமே அறியாதவராகத் தம்மைக் கருதியவர் இப்படிப் பேசியிருக்க முடியாது. இன்று பரவும் வரிக்கு நெருக்கமான வாசகம், அவர் இறந்து முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலான பின், ரோமானியரான சிசரோவின் எழுத்தில் இருக்கிறது.