இனிமேல் யாரும் என்னிடம் கைராசி என்று சொல்லக் கூடாது

நான்கே நாள்தான் ஊருக்குப் போயிருந்தேன். நாத்தனார் மகளுக்கு வளைகாப்பு, போகாமல் இருக்க முடியாது. கிளம்பும் முன் எங்கள் மொட்டை மாடித் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்ற நான்கு நாளைக்கும் நான்கு பேர் பெயரைப் போட்டு, எந்தக் குழாய், எந்தப் பைக்கு ஒரு மக், எந்தப் பைக்கு இரண்டு மக் என்பது வரைக்கும் எழுதி வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினேன். நான்கு பேரும் கட்டைவிரல் காட்டினார்கள். ஒருவர் கைகூப்பும் பொம்மையும் சேர்த்துப் போட்டார். நேற்று ராத்திரி பதினொரு மணிக்கு வந்து இறங்கி, பெட்டியை வாசலிலேயே வைத்துவிட்டு டார்ச்சோடு மொட்டை மாடிக்கு ஏறிப் பார்க்கிறேன், தக்காளி மொத்தமும் தலையைத் தொங்கப் போட்டு நிற்கிறது. கத்தரி இலை அப்பளம் மாதிரி நொறுங்குகிறது. புதினா இருந்த தொட்டியில் குச்சிகள் இருந்தன.

குரூப்பில் கேட்டேன். காலையில் பதில் வந்தது. "மழை வர்ற மாதிரி இருந்துச்சுக்கா, அதான் ஊத்தல."

மழை வருகிற மாதிரி இருந்ததாம்! சென்னையில் ஆவணி மாதம் தினமும் சாயங்காலம் மழை வருகிற மாதிரிதான் இருக்கும். மாதிரியைக் குடித்துச் செடி வளராது. இது நிலத்தில் நிற்கும் செடியும் இல்லை, வேரை ஆழமாக விட்டுச் சமாளித்துக்கொள்ள. ஒன்றரை அடிப் பை. கீழே கொதிக்கிற தளம், மேலே வெயில். ஒரு நாள் விட்டால் வாடும், இரண்டு நாள் விட்டால் பையில் மண்ணோடு கலந்திருக்கும் தென்னைநார்க் கழிவு எலும்பாகக் காய்ந்துவிடும். அப்படிக் காய்ந்துவிட்டால் அப்புறம் நீங்கள் ஒரு வாளி ஊற்றினாலும் தண்ணீர் உள்ளே இறங்காது, பையின் ஓரமாக வழிந்து கீழே ஓடிவிடும். ஊற்றியவருக்கு ஊற்றிய திருப்தி, செடிக்கு ஒரு சொட்டு கிடையாது. இன்று காலை 60 பையையும் கொத்திவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக மூன்று தடவை ஊற்றி ஊறவைத்தேன். ஆபீஸுக்கு அரை நாள் லீவு. இதையெல்லாம் பார்த்துக்கொண்டே துணி காயப்போட வந்த இரண்டாவது மாடி மாமி சொன்னார்: "உன் கை பட்டாத்தான்டீ அது பொழைக்கும். கைராசி அப்படி."

அந்தக் கைராசியைப் பற்றிப் பேசத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் குடியிருப்பில் 24 வீடு. அதில் 12 குடும்பம் சேர்ந்து ஆளுக்கு 1,200 ரூபாய் போட்டு இந்தத் தோட்டத்தை ஆரம்பித்தோம். ஆரம்ப நாளில் ஒரே திருவிழா. செம்மண் ஒரு பங்கு, நார்க் கழிவு ஒரு பங்கு, தொழு உரம் ஒரு பங்கு என்று கலந்தபோது எல்லோரும் கையை மண்ணில் வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். லிஃப்ட் மொட்டை மாடி வரை போகாது என்பதும், கடைசி மாடியிலிருந்து ஒவ்வொரு மூட்டையையும் படியில் தூக்க வேண்டும் என்பதும் தெரிந்தவுடன் பாதிப் பேருக்கு முதுகுவலி வந்துவிட்டது. மிச்ச மூட்டைகளை நானும், என் கணவரும், செக்யூரிட்டி அண்ணனும் தூக்கினோம். ஆடிப்பட்டம் தேடி விதை என்று பழமொழியை மட்டும் பன்னிரண்டு வீட்டிலும் சொன்னார்கள். விதைத்தது மூன்று பேர்.

சரி, அது போகட்டும். விதைப்பது ஒரு நாள் வேலை. வெண்டைக்கு வருவோம். விதை போட்டு நாற்பத்தைந்து நாள் சுமாருக்குக் காய் பறிக்கலாம். அதற்குப் பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறித்தே ஆக வேண்டும். விட்டால் முற்றி நாராகிவிடும், அதுமட்டுமில்லை, விதை கட்ட ஆரம்பித்த செடி புதுப் பூ விடுவதைக் குறைத்துக்கொள்ளும். அதனால் பறிப்பதும் ஒரு வேலைதான், சலுகை இல்லை. இது யாருக்கும் புரிவதில்லை. நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள் என்றால், சனிக்கிழமை சாம்பார் வைக்கும் நேரத்தில் ஏறி வந்து விரல் நீளப் பிஞ்சாகப் பார்த்துக் கிள்ளிக்கொண்டு போகிறார்கள், முற்றியதைச் செடியிலேயே விட்டுவிடுகிறார்கள். முற்றியதைக் கழிப்பது யார்? கைராசிக்காரி.

சுரைக்காய் இன்னும் வேடிக்கை. சுரைப்பூ சாயங்காலம்தான் மலரும். ராத்திரியில் அந்துப்பூச்சி வந்து மகரந்தம் சேர்க்க வேண்டும். ஐந்தாவது மாடிக்கு மேலே எங்கள் தளத்துக்கு எந்த அந்து வருகிறது? போன வருடம் பிஞ்சு பிஞ்சாக வைத்து எல்லாம் மஞ்சளாகி உதிர்ந்தது. இந்த வருடம் நான் தினமும் ஏழு மணிக்குப் போய், ஆண்பூவைக் கிள்ளி, இதழை உரித்து, கீழே குட்டிச் சுரைக்காய் மாதிரி பிஞ்சோடு இருக்கும் பெண்பூவில் தேய்த்துவிட்டு வருகிறேன். சீரியல் நேரம். கொசு பிடுங்கும். இப்படிப் பதினெட்டு நாள் போனதில் ஏழு காய் நின்றது. ஏழையும் பார்த்துவிட்டு மூன்றாவது மாடி சார் சொல்கிறார், "மேடம், எங்க ஊர்ல எங்க அம்மா வச்சா இப்படித்தான் காய்க்கும், அது ஒரு கைராசி மேடம், எல்லாருக்கும் வராது." எப்படி சார் வரும்? ஏழு மணிக்கு மேலே வந்தால்தானே வரும்?

யோசித்துப் பார்த்தால் இந்த வார்த்தை எவ்வளவு தந்திரமானது என்று தெரிகிறது. பாராட்டுகிற மாதிரியே இருக்கும். ஆனால் "உனக்கு அது பிறவியிலேயே வந்தது, அதனால் நீ செய், எனக்கு வரவில்லை, அதனால் நான் சாப்பிடுகிறேன்" என்பதுதான் உள்ளே இருக்கிற சங்கதி. ராசி என்று சொல்லிவிட்டால் என் இடுப்புவலிக்குக் கணக்கே கிடையாது. சமையலறையில் இதே வித்தையைத்தான் நூறு வருடமாகச் செய்கிறார்கள், "உன் கைப்பக்குவம் யாருக்கு வரும்" என்று. அப்போதும் பாத்திரம் தேய்ப்பது அதே கைதான்.

விதைச் சுரைக்காய் விஷயத்தை எழுதாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. அந்த ஏழில் நல்ல வாளிப்பான ஒன்றை விதைக்கென்று கொடியிலேயே விட்டிருந்தேன். யாரும் தொடக் கூடாது என்று காம்பில் சிவப்பு நூல் கட்டி, குரூப்பிலும் போட்டோவோடு போட்டேன். முற்றி, ஓடு கெட்டியாகி, கொடியிலேயே காய வேண்டும், அப்போதுதான் அடுத்த பட்டத்துக்கு விதை. ஊரில் இருந்து வந்து பார்த்தால் நூல் இருக்கிறது. காயைக் காணோம். நூலை அவிழ்த்து, கம்பி வேலியில் அழகாகச் சுற்றிவைத்துவிட்டுக் காயை அறுத்திருக்கிறார்கள்! கூட்டு வைத்தார்களாம். "ரொம்ப முத்தலா இருந்துச்சு ஆன்ட்டி, பாதியத் தூக்கிப் போட்டுட்டோம்" என்று என்னிடமே குறை சொல்கிறாள் அந்தப் பெண். ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்பார்கள். இங்கே நெய்யைப் பரிமாறிவிட்டு நெய் சரியில்லை என்று வேறு சொல்கிறார்கள்.

உரத்தொட்டி ஒரு தனிக் கதை. காய்கறித் தோல், காய்ந்த இலை, புளித்த மோர் கொஞ்சம், இவ்வளவுதான் போட வேண்டும், ஈரமும் காய்ந்ததும் மாற்றி மாற்றி அடுக்க வேண்டும் என்று தொட்டியின் மேலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. போன மாதம் அதைத் திறந்தால் உள்ளே தயிர்சாதம், கோழி எலும்பு, பால் பாக்கெட், ஒரு பேட்டரி. நாற்றத்துக்கு மேல்மாடிக்காரர் அசோசியேஷனில் புகார் கொடுத்தார். அவருக்குப் பதில் சொன்னதும் நான்தான், எலும்பைப் பொறுக்கியதும் நான்தான். யூரியா சாரை மறந்தே போனேன். செடி வெளிறிப் போயிருக்கிறதே என்று யாரையும் கேட்காமல் ஒவ்வொரு கத்தரிக்கும் ஒரு கைப்பிடி யூரியாவை வேரடியில் கொட்டிவிட்டுப் போன புண்ணியவான். ஒரு வாரத்தில் எட்டுச் செடி கருகியது. ஆர்வமாவது இருந்தது என்று அவரை மட்டும் மன்னித்துவிடலாமா என்று சில சமயம் தோன்றும்.

இப்படியெல்லாம் புலம்பினால் "கூட்டு வேலைன்னா அப்படித்தான் இருக்கும், ஜனங்களுக்கு ஒழுங்கு கிடையாது" என்று பெரிய தத்துவம் பேசுவார்கள். என்னய்யா கிடையாது? காஞ்சிபுரம் பக்கத்தில் உத்திரமேரூர் இருக்கிறது, நம் குடியிருப்பில் இருந்தே இரண்டு கார் நிறைய ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வந்தோம். முதலாம் பராந்தக சோழன் காலம், 919, 921ஆம் ஆண்டு, ஊர்ச் சபைக்கு விதி எழுதிய கல்வெட்டு. ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு குழு, அதற்குத் தனித்தனியாக ஆள் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். தோட்ட வாரியத்துக்கு 12 பேர். நாமும் 12 குடும்பம்! பதவி 360 நாள்தான், அப்புறம் வேறு ஆள் வர வேண்டும். முன்னால் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் மறுபடி வர முடியாது, அவன் சொந்தக்காரனும் வர முடியாது. நிலம் வைத்திருந்த ஆண்கள் மட்டும் கூடிய சபை அது, என்னை உள்ளேயே விட்டிருக்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம். ஆனால் எதையும் யாருடைய கைராசிக்கும் விடாமல் முறை, கெடு, கணக்கு, தப்பினால் தண்டனை என்று கல்லில் வெட்டிவைத்தார்கள். அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்த அதே பன்னிரண்டு குடும்பத்துக்கு வாரத்தில் ஒரு நாள் ஒரு குழாயைத் திறந்து மூட முடியவில்லை. நான் 360 நாளைத் தாண்டி மூன்றாவது வருடத்தில் இருக்கிறேன், எனக்குப் பதிலாக யார் என்று ஒருவராவது கேட்டதுண்டா?

இங்கே என் பங்குக் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வேறு யாராவது கமெண்டில் சொல்வார்கள். போன மே மாதம், அக்னி நட்சத்திர வெயிலில் எல்லோரும் ஊருக்கும் ஊட்டிக்கும் போயிருந்தபோது தோட்டம் பிழைத்ததற்குக் காரணம் செக்யூரிட்டி அண்ணனின் மனைவி. திண்டிவனம் பக்கம் விவசாயக் குடும்பம். நான்தான் "கொஞ்சம் பாத்துக்கோங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போனேன். காலையிலும் சாயங்காலமும் ஊற்றியிருக்கிறார். அவரையில் அசுவினிப் பூச்சி வந்ததைப் பார்த்து, யாரும் சொல்லாமலேயே அடுப்புச் சாம்பலைத் தூவியிருக்கிறார். நான் வேப்பெண்ணெயை லிட்டருக்கு 5 மில்லி என்று மருந்துக்கடை மாதிரி அளந்துகொண்டிருப்பவள். அவர் இலையைத் திருப்பிப் பார்த்தே சொல்லிவிடுவார். திரும்பி வந்து நான் அவருக்குக் கொடுத்தது என்ன தெரியுமா? ஒரு கட்டுக் கீரையும், "உங்களுக்கு நல்ல கைராசிக்கா" என்ற ஒரு வார்த்தையும். நானேதான் சொன்னேன். இன்று காலை மாமி சொன்னபோதுதான் அது எனக்கு உறைத்தது. காலையில் கீழே போய் அவரைப் பார்த்து மே மாதக் கூலியைக் கொடுத்தேன். வாங்க மாட்டேன் என்றார், வற்புறுத்தித் திணித்துவிட்டு வந்தேன். நாலு மாதம் தாமதம்.

ஆகவே குரூப்பில் இருக்கும் பெருமக்களே, மாடிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். அறுபது பையையும் வீட்டுக்கு ஐந்தாகப் பிரித்து எண் எழுதியாகிவிட்டது, பைக்கு நேராக வீட்டு எண். உங்கள் பை வாடினால் எல்லோருக்கும் தெரியும். பொதுவில் இருப்பது சுரைப் பந்தலும் உரத்தொட்டியும் மட்டும்தான், அதற்கு வாரம் ஒரு வீடு, வர முடியாதவர்கள் 100 ரூபாய் கட்ட வேண்டும், அந்தப் பணம் அன்றைக்கு உண்மையில் வேலை செய்தவருக்குப் போகும். இரண்டு முறை தப்பினால் அந்த ஐந்து பையும் செக்யூரிட்டி அண்ணன் வீட்டுக்கு. அவர்கள் என்ன நடுகிறார்கள், யாருக்குக் கொடுக்கிறார்கள், விற்கிறார்களா என்று எவரும் கேட்கக் கூடாது. வரவு செலவு நோட்டை சுரைக்காய் கூட்டு வைத்த வீட்டில் கொடுத்திருக்கிறேன், இனி ஒரு வருடத்துக்குக் கணக்கு அவர்கள் பொறுப்பு. அந்தப் பெண் "எனக்கு இதெல்லாம் வராது ஆன்ட்டி" என்றாள். வரும்மா, வரும்.

இன்று சாயங்காலம் நான் மேலே போகவில்லை. பந்தலில் இரண்டு பெண்பூ விரிந்திருக்கும், எனக்குத் தெரியும். குரூப்பில் போட்டிருக்கிறேன், எப்படித் தேய்ப்பது என்று படத்தோடு. இதுவரை ஏழு கட்டைவிரல் வந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணிக்குக் கூட்டம். மொட்டை மாடியில். காபி கிடையாது.